அதே தலை, அதே இயந்திரம்

சிங்கப்பூரில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) ஆய்வில் இருக்கிறேன் என்று சொன்னால், எங்கள் தொழில்காரர்களே முதலில் கேட்பது, "ஆளுக்கு எங்க போவீங்க?" என்றுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் லட்சம் பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கும் நோய் இது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் டிகிரி மட்டும் தள்ளியிருக்கும் இந்தத் தீவில் அபூர்வம். நம் பக்கத்தில் மங்களூரில் மருத்துவர் லேகா பண்டிட் எடுத்து 2014இல் வெளியான கணக்கு, லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவில் சொன்னது. உலகம் முழுக்க 28 லட்சம் பேர் என்பது 2020இல் வந்த எம்எஸ் அட்லஸின் கணக்கு. அதில் எங்கள் பங்கு மிகச் சிறியது.

ஏன் இங்கே குறைவு என்பதற்கு வெயில், வைட்டமின் டி, மரபணு என்று பல பதில்கள் சொல்கிறார்கள். 2022இல் அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரைக் கொண்ட திரளில் சேமித்திருந்த ரத்த மாதிரிகளை வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்எஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். ஆசியாவில் அந்த வைரஸ் தொடாமல் வளர்ந்த ஆளைக் காண்பதே அரிது. ஆகவே வைரஸ் மட்டும் போதாது, வேறு ஏதோ சேரவேண்டும். அந்த விவாதம் ஆராய்ச்சியாளர்களுடையது. என் வேலை அதற்கு அடுத்த அறையில், கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம். நான் எம்ஆர்ஐ ரேடியோகிராஃபர். சென்னையில் படித்த காலத்தில் பொது மருத்துவமனை வளாகத்தின் பர்னார்டு கதிரியல் நிலையம் எங்களுக்கெல்லாம் ஒரு பெரிய பெயர், 1934இல் தொடங்கியது. ஊரில் என்னை "ஸ்கேன் எடுக்கிற பொண்ணு" என்பார்கள். இங்கே வயதானவர்கள் சிலர் "எம்ஆர்டியில வேலை" என்று ரயிலோடு சேர்த்துவிடுகிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

நரம்பியல் என்றால் இங்கே எல்லோரும் காட்டுவது நோவீனா பக்கம். தேசிய நரம்பியல் கழகம் 1999இல் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் உருவானது. 1844இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனை ஒரு காலத்தில் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் முனையில் இருந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. இப்போதும் பெருமாள் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். அதனாலோ என்னவோ, நோவீனா பக்கம் எந்த மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தாலும் தமிழ் காதில் விழும்.

எம்எஸ் நோயில் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுந்து நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. தாக்கிய இடத்தில் அழற்சி, பிறகு தழும்பு. ஒருநாள் ஒரு கண் மங்கும். இரண்டு மாதம் கழித்து சரியாகும். அடுத்த வருடம் கால் மரத்துப்போகும். பாரிஸில் மருத்துவர் ஷார்கோ 1868இலேயே இதைத் தனி நோயாக விவரித்துவிட்டார். ஆனால் உயிரோடு இருப்பவரின் மூளையில் அந்த இடங்களைத் தெளிவாகப் பார்க்க 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 10 நோயாளிகளைப் புதிய காந்த இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். சிடி ஸ்கேனில் தெரிந்தவை 19 இடங்கள். காந்தப் படத்தில் அவற்றோடு இன்னும் 112 தெரிந்தன. என் தொழில் அந்த 112இல் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

படம் எடுப்பதற்கு முன்னால் நடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் வேலையில் பாதி.

எங்கள் காந்தம் 3 டெஸ்லா. சிங்கப்பூரில் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 70,000 மடங்கு. மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கும் கம்பிச்சுருள் அதைத் தாங்கி நிற்கிறது. விளக்கை அணைத்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், காந்தம் அணையாது. எனவே கதவுக்கு வெளியே ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை விசாரிக்கிறோம். கேள்விப் படிவம் எல்லா நாட்டுக்கும் பொதுவானது. பதில்கள் மட்டும் அந்தந்த ஊருடையவை.

நம் பெண்களிடம் முதல் தடை தாலி. "ஏம்மா, தாலியையுமா கழட்டணும்?" என்று கேட்டு, கூட வந்த மகளைப் பார்ப்பார்கள். தங்கம் காந்தத்தில் இழுபடாது, உண்மைதான். ஆனால் தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்குகள் தொங்கும். அவை இரும்பு, அறைக்குள் பறக்கும். ஊக்கை எடுத்துவிட்டாலும், கழுத்துத் தண்டுவடத்தைப் படமெடுக்கும்போது சங்கிலி கிடக்கும் இடம் படத்தைக் கெடுக்கும். எம்எஸ் ஆய்வில் கழுத்துத் தண்டுவடம் இல்லாமல் முடியாது. நான் என் பைக்குள் மஞ்சள் கயிறு வைத்திருக்கிறேன். தேக்காவில் பூக்கடை ஒன்றில் வாங்குவது. "கயிறு கட்டிக்கங்கம்மா, முடிஞ்சதும் மாத்திக்கலாம்" என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். சேலை பின்னுக்கு மேல் தேடவேண்டியவை கொண்டையில் புதைந்த ஹேர்பின்கள், மெட்டி, அரைஞாண், புஜத்தில் கட்டிய தாயத்து. தாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது. அதைக் கழற்றச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டும்.

ஆண்களிடம் கவலை வேறு. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை பார்க்கும் தம்பிகள் பலர் கிரைண்டர் பிடித்தவர்கள். "கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் பட்டிருக்கா?" என்று கேட்பேன். "இல்லக்கா" என்று உடனே வரும். கொஞ்சம் நிறுத்தி, "கண்ணாடி போடாம கிரைண்டிங் பண்ணிருக்கியா?" என்றால், "அது எல்லாரும் பண்றதுதானே." பட்ட தூளை நண்பன் கைக்குட்டை முனையால் எடுத்துவிட்ட கதை அப்புறம்தான் வரும். கண்ணுக்குள் தங்கிய ஒரு துணுக்கு காந்தத்துக்குள் நகர்ந்தால் பார்வை போய்விடும். ஆகவே முதலில் கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே. பார்வை மங்கல் என்று வந்தவனுக்கு, பார்வை நரம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வந்த இயந்திரமே கண்ணைப் பறித்துவிடக் கூடாதில்லையா.

பிறகு காதில் பஞ்சு, மேலே ஹெட்போன். ஒலி 96.8 வானொலி போடச் சொல்வார்கள். இயந்திரம் தட்டத் தொடங்கினால் பாட்டு பாதிதான் கேட்கும் என்றாலும் போடுகிறேன். குத்துப்பாட்டு மட்டும் கிடையாது. கால் தாளம் போடும்; கால் ஆடினால் தலையும் ஆடும்; நாங்கள் பார்ப்பது ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களை.

அழற்சியைப் படமெடுக்கிறோம் என்று சொல்வது வழக்கம். கண்டிப்பாகப் பேசினால் அழற்சியை நாங்கள் படமெடுப்பதில்லை. அது விட்டுச்செல்லும் தடயங்களைத்தான் எடுக்கிறோம். ஒவ்வொரு வகைப் படமும் ஒவ்வொரு தடயத்தைக் காட்டும். ஃப்ளேர் என்று நாங்கள் சொல்லும் படத்தில் மூளைநீரின் வெளிச்சத்தை அடக்கிவிட்டு, திசுவுக்குள் சேர்ந்த நீரை வெள்ளையாகக் காட்டுகிறோம். நீர் அறைகளிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் நீள்வட்ட வெள்ளைகளை டாசனின் விரல்கள் என்பார்கள். எடின்பரோவில் 1916இல் ஜேம்ஸ் டாசன் பிணப் பரிசோதனையில் வரைந்து வைத்தவை. ஆனால் அந்த வெள்ளை போன வாரத்தது, பத்து வருடத்தது என்று ஃப்ளேர் சொல்லாது.

அதைச் சொல்ல கடோலினியம் வேண்டும். அருமண் வகையைச் சேர்ந்த ஓர் உலோகம். தனியே விட்டால் நஞ்சு. வேதிக்கூண்டு ஒன்றில் அடைத்து ரத்தக்குழாயில் ஏற்றுகிறோம். நலமான மூளையில் ரத்தக்குழாய்ச் சுவர் அதை உள்ளே விடாது. அழற்சி புதிதாக எழுந்த இடத்தில் சுவர் தளர்ந்திருக்கும். மருந்து கசிந்து அந்த இடம் பளிச்சென்று தெரியும். மழை பெய்யும்போதுதானே ஓட்டு வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். மழை விட்ட பிறகு சுவரில் கறை மட்டும் இருக்கும். ஃப்ளேர் கறையைக் காட்டுகிறது, கடோலினியம் ஒழுக்கை. ஒரு புதிய இடத்தில் அந்த ஒழுக்கு சில வாரங்களுக்குத்தான் இருக்கும். அதற்குள் நோயாளி எங்கள் மேசைக்கு வந்து சேரவேண்டும். அதற்கு முன்னால் யாராவது மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றியிருந்தால் ஒழுக்கு அடைபட்டு, படம் அமைதியாக இருக்கும். ஆகவே படிவத்தில் நான் அடிக்கோடிட்டு எழுதுவது ஸ்டீராய்டு ஏற்றிய தேதி.

மருந்தின் அளவு எடைக்கு ஏற்ப. எடையைக் கேட்டு எழுதுவதில்லை, நிறுத்துப் பார்க்கிறேன். சொல்லும் எடைக்கும் நிற்கும் எடைக்கும் உள்ள இடைவெளி தீபாவளிக்குப் பிறகு கொஞ்சம் கூடும். ஊசி போட்டபின் குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருந்து அதற்கப்புறம்தான் படம். அவசரப்பட்டால் மெல்லக் கசியும் இடங்கள் தவறிப்போகும். அந்த இடைவேளையில் வேறு ஒரு படத்தை ஓட்டிவிடுவோம். ஆனால் ஆய்வு என்றால் ஒவ்வொரு முறையும் அதே படத்தை, அதே வரிசையில்.

இந்த "அதே" என்ற ஒன்றுக்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நினைக்கிறேன். மருந்து ஆய்வு ஒன்றில் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது? புதிய இடம் எத்தனை, பழைய இடம் பெருத்ததா, மூளை சுருங்கியதா? நோயாளிக்குள் நடந்த மாற்றம் கண்ணில் படவேண்டுமென்றால் நோயாளிக்கு வெளியே இருப்பது எதுவும் மாறக்கூடாது. அதே இயந்திரம். தலையைச் சுற்றிப் பொருத்தும் அதே காயில். தலையை வைக்கும் கோணம் கண்ணளவில் கூடாது. மூளையின் நடுவே இருக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் அடிவிளிம்பை வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு இணையாகவே வெட்டுகளை அமைக்கிறோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள மூன்று குழுக்கள் சேர்ந்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டி இதையெல்லாம் வரிவரியாகச் சொல்கிறது. எங்கள் அறையில் அது லேமினேட் செய்து தொங்குகிறது. யாரும் படிப்பதில்லை, எல்லோருக்கும் மனப்பாடம்.

வழிகாட்டியில் வராத விஷயங்கள்தான் ஆளைத் திணறடிக்கும். எம்எஸ் நோயாளிகளின் மூளை வருடத்துக்கு அரை சதவீதமோ அதற்குச் சற்று மேலோ சுருங்கும். மருந்து அதைக் குறைக்கிறதா என்பது ஆய்வின் ஒரு முக்கியக் கேள்வி. சரி, ஒருவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் மூளையின் கொள்ளளவு ஏறக்குறைய அதே அரை சதவீதம் குறைந்து தெரியும். தண்ணீர் குடித்தால் பழையபடி ஏறிவிடும். காலையில் எடுத்தால் ஓர் அளவு, மாலையில் எடுத்தால் சற்றுக் குறைந்த அளவு. இது ஏதோ அபூர்வக் குறிப்பு என்று விட்டுவிட முடியாது, நம் ஊர் ஜனங்களை வைத்துக்கொண்டு. ஏகாதசி, சஷ்டி, ஆடி வெள்ளி, ரமலான் நோன்பு. முதல் படம் சாதாரண நாளில் எடுத்திருப்போம். இரண்டாவது, நோன்பு மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு வந்து விழும். கணினி "மூளை சுருங்கிவிட்டது" என்று எழுதிவிடும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களின் நாட்காட்டியில் எல்லா மதப் பண்டிகையும் குறித்திருக்கும். அந்த நாட்காட்டியை வைத்துத்தான் நான் நேரம் கொடுக்கிறேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

வெயிலும் இப்படித்தான் குறுக்கே வரும். உடம்பு சூடேறினால் எம்எஸ் நோயாளிக்குப் பழைய தொந்தரவு தலைதூக்கும். ஜெர்மன் கண் மருத்துவர் உதாஃப் 1890இல் எழுதி வைத்தது. மயலின் இழந்த நரம்பிழையில் சூடு ஏற ஏற மின்சமிக்ஞை தடைபடுகிறது. புதிய தாக்குதல் ஒன்றுமில்லை. உடம்பு ஆறினால் பார்வையும் ஆறிவரும். ஐரோப்பிய நோயாளிக்கு இது வெந்நீர்க் குளியலில் வரும். இங்கே ஃபேரர் பார்க்கிலிருந்து மதியம் ஒரு மணிக்கு நடந்து வந்தாலே போதும். ஒரு முறை இளம்பெண் ஒருவர் வாசலில் நின்று, "அக்கா, மறுபடி கண்ணு மங்குது, அட்டாக் வந்துருச்சு" என்று அழத் தொடங்கினார். இருபது டிகிரியில் இருக்கும் எங்கள் காத்திருப்பு அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மருத்துவருக்கும் சொல்லியனுப்பினேன். அரைமணிக்குள் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்துக்காட்டினார். படமும் மாற்றமில்லாமல் வந்தது. அதற்கப்புறம் எம்எஸ் நோயாளிகளுக்குப் பிற்பகல் நேரம் கொடுப்பதில்லை. காலை ஒன்பது மணி என்றால் தண்ணீர்க் கணக்குக்கும் அது சரிப்பட்டு வருகிறது.

ஆள் அரிதான ஊரில் இன்னொரு சங்கடம், வெள்ளைப் புள்ளி எல்லாம் எம்எஸ் ஆகிவிடாது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள ஐம்பது வயதுக்காரரின் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் சர்வசாதாரணம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் உண்டு. வலிப்பு வந்து கொண்டுவரப்பட்ட ஊழியர் ஒருவரின் மூளையில் மோதிரம் மாதிரி ஓர் இடம் பளிச்சிட்டால், ஐரோப்பாவில் படித்து வந்த இளம் மருத்துவர் ஒரு பட்டியல் சொல்வார். தமிழ்நாட்டில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு நாடாப்புழுவின் இளம்புழுவும் காசநோயும்தான் முதலில் நினைவுக்கு வரும். சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. அறிக்கை எழுதுவது ரேடியாலஜிஸ்ட். ஆனால் கூடுதலாக ஒரு படம் எடுத்து வைக்கலாம், எடுத்து வைப்போம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான ஜாடை நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ. டெவிக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1894இல் விவரித்தது. நூறு வருடத்துக்கு மேல் எம்எஸ்ஸின் ஒரு கிளை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியர்கள் "கண்-தண்டுவட எம்எஸ்" என்று தனிப் பெயர் வைத்து, இது வேறு மாதிரி நடக்கிறதே என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழு இதற்கென்று தனி எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தது. அடுத்த வருடம் அது தாக்குவது ஆக்வாபோரின்-4 என்ற நீர்வாயில் என்று தெரிந்தது. ஐரோப்பாவில் எம்எஸ் பெருங்கூட்டம், என்.எம்.ஓ. சிலர். ஆசியாவில் அந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், நாட்டலிசுமாப், ஃபிங்கோலிமோட் முதலியவை என்.எம்.ஓ. நோயாளிக்கு நோயை முற்றச் செய்துவிடக்கூடும். ஆகவே இங்கே ஒரு படம் "எம்எஸ் இருக்கிறதா" என்று கேட்கும் அளவுக்கு, "எம்எஸ் இல்லையே" என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. எம்எஸ் தண்டுவடத்தில் சிறு துண்டாக, ஒரு முள்ளெலும்பின் உயரத்துக்கு வரும். என்.எம்.ஓ. மூன்று, நான்கு, ஆறு முள்ளெலும்பு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். மூளைத்தண்டின் அடியில் ஒரு சின்ன மூலை உண்டு, வாந்தியைத் தூண்டும் இடம். அங்கே தாக்கினால் நாட்கணக்கில் விக்கலும் வாந்தியும் வரும். பாவம், வயிற்று மருத்துவரிடம் எண்டாஸ்கோப்பி எல்லாம் முடித்துக்கொண்டுதான் எங்களிடம் வருவார்கள். "விக்கலுக்கு எதுக்கும்மா தலைக்கு ஸ்கேன்?" என்று கேட்ட ஓர் அங்கிளுக்கு நான் பதில் சொல்லவில்லை, கழுத்தின் மேல்முனையையும் சேர்த்துப் படத்தின் எல்லையை வைத்தேன். கண்ணுக்குள் ஒளிக்கற்றை பாய்ச்சி விழித்திரை நரம்படுக்கின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கும் ஓசிடியும் இந்தப் பிரித்தறிதலில் உதவுகிறது. ஐந்து நிமிடத்தில் முடிகிறது, காந்தமும் இல்லை, தாலியும் கழற்றவேண்டாம். எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

கடோலினியத்தின் மீது இருந்த கண்மூடித்தனமான நம்பிக்கை 2014இல் அடிவாங்கியது. ஜப்பானில் கண்டா என்ற ரேடியாலஜிஸ்ட், பல முறை மருந்தேற்றியவர்களின் சிறுமூளை உட்கருவில் மருந்து ஏற்றாமலே ஒரு வெளிச்சம் தெரிவதைக் காட்டினார். கூண்டிலிருந்து தப்பிய உலோகம் அங்கே தங்கியிருக்கிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோல் இறுகும் நோய் வருவது 2006இலேயே தெரிந்திருந்தது. இது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும். அதனால் தீங்கு ஏதும் நேர்ந்ததாக நிறுவப்படவில்லை. ஆனாலும் ஐரோப்பா 2017இல் பழைய நேர்வடிவ மருந்துகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. எம்எஸ் நோயாளி முப்பது வயதில் தொடங்கி வருடா வருடம் எங்களிடம் வருகிறவர். இருபது வருடத்தில் எத்தனை ஊசி என்று எண்ணிப் பாருங்கள். இப்போது தொடர்ச்சிப் படங்களில் தேவை இருந்தால் மட்டுமே மருந்து. இந்த வருடப் படத்திலிருந்து போன வருடப் படத்தைக் கழித்துப் பார்த்தாலே புதிய இடங்கள் தெரிந்துவிடும், இரண்டும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டிருந்தால். எங்கள் பிடிவாதத்துக்கு மதிப்புக் கூடியது இதனால்தான்.

அதைவிடப் பெரிய தலைவலி, ஒழுக்கு நின்ற பிறகும் நோய் முன்னேறுவது. மருந்து நன்றாக வேலை செய்கிறது, புதிய இடம் ஒன்றும் இல்லை, கடோலினியத்தில் ஒன்றும் பளிச்சிடவில்லை. ஆனால் நோயாளி போன வருடம் புக்கிட் தீமா ஹாக்கர் சென்டர் வரை தனியாக நடந்தவர், இந்த வருடம் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ரத்தக்குழாய்ச் சுவர் மூடிக்கொண்டது. உள்ளே மூளையின் சொந்த எதிர்ப்பு அணுக்களான மைக்ரோக்ளியா பழைய தழும்பின் விளிம்பில் உட்கார்ந்து கனன்றுகொண்டிருக்கின்றன. அவை இரும்பைச் சேர்த்து வைத்திருக்கும். இரும்பு காந்தப்புலத்தைச் சற்றே கலைக்கும். அந்தக் கலைசலைக் காட்டும் படத்தில் தழும்பைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். முதலில் 7 டெஸ்லா இயந்திரங்களில்தான் பார்த்தார்கள். இப்போது 3 டெஸ்லாவிலும் தெரிகிறது, ஆள் அசையாமல் இருந்தால். அதே படத்தில் தழும்பின் நடுவே ஒரு சிறு சிரை கோடாக ஓடுவதும் தெரியும். எம்எஸ் சிறு சிரைகளைச் சுற்றி எழுவது. சர்க்கரை நோய்ப் புள்ளிக்கும் தலைவலிப் புள்ளிக்கும் அந்த நடுக்கோடு பெரும்பாலும் இருக்காது. எனக்கு இந்த ஒரு படம் மற்ற எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். அழகுக்காக அல்ல, எங்கள் ஊரின் சந்தேகத்துக்கு அது நேராகப் பதில் சொல்வதால்.

மைக்ரோக்ளியாவை நேரடியாகத் தொட முயல்வது பெட் ஸ்கேன். டிஎஸ்பிஓ என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளை ஏற்றுகிறார்கள். மைக்ரோக்ளியா கிளர்ந்தால் அந்தப் புரதம் பெருகும். ஆனால் மற்ற அணுக்களிலும் அது உண்டு என்பதால் ஒளிர்வதெல்லாம் மைக்ரோக்ளியா என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. கார்பன்-11இல் செய்த மருந்தென்றால் இருபது நிமிடத்தில் பாதி தேய்ந்துவிடும். சைக்ளோட்ரான் இருக்கும் கட்டடத்திலேயே நோயாளியும் இருக்கவேண்டும். நோயாளி கழிவறைக்குப் போய்வரும் நேரம்கூடக் கணக்கில் வரும். ஃப்ளூரின்-18 என்றால் 110 நிமிடம், கொஞ்சம் மூச்சு விடலாம். இன்னொரு வினோதம், சிலரின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் இரண்டாம் தலைமுறை மருந்துகள் சரியாக ஒட்டாது. ஐரோப்பியர்களில் இது பரவலானது, ஆகவே படத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். சீனர், ஜப்பானியரிடம் மிகக் குறைவு. நோயாளி குறைவு என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

பயோபாலிஸில் எலிகளைப் படமெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆச்சரியம் தீராது. எலிக்கு எம்எஸ் இயற்கையாக வராது. மயலின் புரதத்தைச் செலுத்தி எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிட்டு வரவழைக்கிறார்கள். இரும்பு ஆக்ஸைடு நுண்துகளை ரத்தத்தில் விட்டு, அதை விழுங்கிய அணுக்கள் எங்கே போகின்றன என்று பின்தொடர முடியும். எலிக்கு மயக்கம் கொடுத்துவிடலாம் என்பது அவர்களுக்குள்ள பெரிய சௌகரியம். உடற்சூடு, மூச்சு, படுக்கும் கோணம் எல்லாம் அவர்கள் கையில். என் எதிரில் இருப்பவருக்கு மூக்கில் அரிப்பு எடுக்கும்.

எம்எஸ்ஸை முடிவு செய்யும் விதிகள் நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த இயன் மெக்டொனால்டின் பெயரில் 2001இலிருந்து இருக்கின்றன. 2005, 2010, 2017 என்று திருத்திக்கொண்டே வந்தார்கள். 2025இல் வெளியான புதிய திருத்தத்தில் நான் சொன்ன நடுக்கோடும் கறுப்பு வளையமும் இடம்பெற்றுவிட்டன. பார்வை நரம்பு ஐந்தாவது இடமாகச் சேர்ந்தது. மகிழ்ச்சியான செய்தி. எங்கள் அறையில் இதற்கு அர்த்தம், ஒவ்வொருவருக்கும் மேலும் சில நிமிடம். காலை ஒன்பது மணி நேரங்கள் எல்லாம் ஏற்கெனவே பங்கு போடப்பட்டவை. பக்கவாத நோயாளிக்கு வழிவிட வேண்டும், விபத்துக்கு வழிவிட வேண்டும். ஆய்வுக்கென்று வந்தவர் தன் பயணப்படியை வாங்கிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார், நாளை வரச்சொன்னால் விடுப்புக் கிடைக்காது. எதை வெட்டுவது என்று ஒவ்வொரு வாரமும் சண்டை. நான் வெட்டக்கூடாது என்று நிற்பது நடுக்கோட்டுப் படத்தை.

இதற்கிடையில் இயந்திரத்தின் மென்பொருளைப் புதுப்பிக்கப் போகிறார்கள். படம் வேகமாக வருமாம். வரட்டும். ஆனால் ஆறு வருடமாகத் தொடரும் நோயாளிகளின் படங்களில் இனி தெரியும் மாற்றம் அவர்களுடையதா, மென்பொருளுடையதா என்று பிரிக்க வழி வேண்டும். தண்ணீரும் பிளாஸ்டிக்கும் கொண்ட சோதனைப் பந்து ஒன்று உண்டு. அது இயந்திரத்தைச் சோதிக்கும், மூளையின் மடிப்புகளைச் சொல்லாது. நோயில்லாத சிலரை மாற்றத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை படுக்கவைப்பதுதான் வழி. ஒப்பீட்டுக்கு ஆட்கள் வேண்டும் என்றார்கள். ஊழியர்களில் நான்கு பேர் ஒப்புக்கொண்டோம். முறைப்படி சம்மதப் படிவம் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களிடம் நீட்டிய தாளை நான் முதல்முறையாக வரி விடாமல் படித்தேன். போன வாரம் காலை ஒன்பது மணிக்குப் படுத்தேன். என்னிடம் பயிற்சி பெற்ற பெண்தான் தலையைப் பொருத்தினாள். கண்ணாடி வழியே பார்த்து மைக்கில், "அக்கா, காலைல தண்ணி குடிச்சீங்களா?" என்றாள். ஆறரைக்கு ஒரு டம்ளர், எட்டுக்கு ஒரு காப்பி என்றேன். எழுதிக்கொண்டாள். பின்படத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அன்றைக்கும் ஆறரைக்கு ஒரு டம்ளர், எட்டுக்கு ஒரு காப்பி.